பாறுகளின் கணக்கு

ஓரிடத்தில் வாழும் ஓர் உயிரினத்தின் மொத்த எண்ணிக்கையைச் சூழலியலார் உயிரித்தொகை என்பர். அது பிறப்பாலும் வெளியிலிருந்து வந்து சேர்வதாலும் கூடுகிறது. இறப்பாலும் வெளியேறிச் செல்வதாலும் குறைகிறது. இந்நான்கையும் தவிர்த்து அதை மாற்றக்கூடிய ஐந்தாவது வழி எதுவும் இல்லை. காட்டுயிர்களின் பெருக்கத்தையும் அழிவையும் பற்றி எழுதப்பட்ட பெருநூல்கள் யாவும் இந்நான்கின் விரிவுரைகளே என்றால் அது மிகையாகாது. ஆனால் இவற்றுள் எதற்கு முதன்மை தருவது என்பதில் அறிவுலகம் நெடுங்காலம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. தாமஸ் மால்தஸ் 1798இல் மக்கள்தொகை பற்றிய தம் கட்டுரையை வெளியிட்ட நாள்தொட்டு, உயிரித்தொகை என்றாலே பிறப்பு, பிறப்பு என்றாலே பெருக்கம், பெருக்கம் என்றாலே பற்றாக்குறை என்று சிந்தனையில் ஒரு தடம் விழுந்துவிட்டது. இறப்போ அந்தப் பெருக்கத்துக்கு இயற்கை இடும் கடிவாளமாக மட்டுமே அதில் இடம்பெற்றது. மெதுவாக இனம்பெருக்கி நீண்டகாலம் வாழும் உயிர்களுக்கு இந்தத் தடம் பொருந்தாது என்பதையும், அவற்றின் நிலைபேறு வளர்ந்த உயிர்கள் ஆண்டுதோறும் எத்தனை இறக்கின்றன என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பதையும் இந்தியத் துணைக்கண்டம் மிகப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. கற்பித்தவை பாறுகள், பிணந்தின்னிக் கழுகுகள் என்று முகம் சுளித்தபடி குறிப்பிடப்படும் பறவைகள்.

மால்தஸின் தருக்கம் வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போன்றது. ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் பெருகும் ஓரினம் ஏறத்தாழ 35 ஆண்டுகளில் இரு மடங்காகும், அடுத்த 35 ஆண்டுகளில் நான்கு மடங்காகும். கூடுதலாகச் சேர்ந்தவையும் இனம்பெருக்குவதால் ஏற்றம் நேர்கோட்டில் செல்லாமல் மேலும் மேலும் செங்குத்தாகிக்கொண்டே போகும். இதை அடுக்குமுறைப் பெருக்கம் என்பர். எந்த நிலமும் இப்பெருக்கத்தை முடிவில்லாமல் தாங்க முடியாது என்பதைக் கணித வடிவில் வைத்தவர் பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹல்ஸ்ட். எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு தலைக்கும் கிடைக்கும் உணவும் இடமும் குறைகின்றன, பிறப்பு தளர்கிறது, இறப்பு மிகுகிறது, வளர்ச்சி மெல்லமெல்ல அடங்கி ஓர் உச்சவரம்பை அடைகிறது என்று அவர் 1838இல் எழுதினார். அந்த வரம்பே இன்று தாங்குதிறன் எனப்படுகிறது. வரம்பை மீறிப் பெருகிய இனம் என்னவாகும் என்பதற்குப் பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவின் பனிமான்கள் பாடநூல்களில் நிலைத்துவிட்ட சான்று: 1944இல் கொண்டுவந்து விடப்பட்ட 29 மான்கள் 1963இல் 6,000 ஆயின, தீவின் லைக்கன் பாசிகளை அவை தின்று தீர்த்திருந்த நிலையில் வந்த கடுங்குளிர்காலத்துக்குப் பின், 1966இல் எண்ணியபோது எஞ்சியிருந்தவை 42.

இந்தக் கோட்பாட்டில் பிழையேதும் இல்லை. இது எல்லா உயிர்க்கும் பொது என்று கொள்வதில்தான் இடர்ப்பாடு இருக்கிறது. டார்வின் 1859இல் வெளியிட்ட தம் பெருநூலில், விலங்குகளிலேயே மிக மெதுவாக இனம்பெருக்குவது யானை என்று கொண்டு, அந்த யானைகூடத் தடையின்றிப் பெருகினால் சில நூற்றாண்டுகளில் ஓர் இணையிலிருந்து கோடிக்கும் மேற்பட்ட யானைகள் தோன்றிவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். பெருக்கத்தின் வலிமைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்றே பலரும் இதை மேற்கோள் காட்டுவர். ஆனால் அந்தக் கணக்கின் உள்ளே நுழைந்து பார்ப்பவர்க்கு வேறொன்று புலப்படும். யானை முப்பது வயதில் ஈனத் தொடங்கித் தொண்ணூறு வயதுவரை ஈனும் என்பது டார்வின் வைத்துக்கொண்ட எடுகோள். அதாவது, தாய் யானை அறுபது ஆண்டுகள் இடையில் சாகாமல் இருந்தால்தான் அந்தக் கோடி வரும். நாற்பது வயதில் அது இறந்துவிடுமானால் பெருக்கம் என்ற பேச்சே எழாது. இருந்த இரண்டும் இல்லாமல் போகும். யானைகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது அவை எத்தனை கன்று ஈனுகின்றன என்பதைவிட எத்தனை ஆண்டு உயிரோடிருக்கின்றன என்பதே என்பதைப் பெருக்கத்தை நிறுவ எழுந்த கணக்கே உள்ளுக்குள் ஒப்புக்கொள்கிறது.

உயிர்கள் வாழும் முறையில் இரு எல்லைகள் உண்டு என்று 1967இல் மக்ஆர்தரும் வில்சனும் தீவு உயிரிப்புவியியல் பற்றிய தம் நூலில் வகுத்துக் காட்டினர். எலியும் ஈயும் ஓர் எல்லையில் நிற்கின்றன: குறுகிய வாழ்வு, எண்ணற்ற குட்டிகள், பெருமளவு இறப்பு, வாய்ப்புக் கிடைத்தவுடன் மீண்டும் பெருக்கம். யானையும் திமிங்கிலமும் பாறும் மறு எல்லையில் நிற்கின்றன: நீண்ட வாழ்வு, மிகக் குறைந்த பேறு, குறைந்த இறப்பு. பிற்கால ஆய்வுகள் இந்தப் பகுப்பைப் பலவாறு திருத்திவிட்டன என்றாலும், அதன் அடிப்படை உண்மை அப்படியே நிற்கிறது. பாறு ஏறத்தாழ ஐந்து வயதில்தான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. ஓர் இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது. தாயும் தந்தையும் மாறிமாறி ஏறத்தாழ ஐம்பது நாள் அடைகாக்கின்றன. பொரித்த குஞ்சு மூன்று மாதத்துக்கு மேல் கூட்டை விட்டு அகல்வதில்லை. இரண்டு கூடுகளில் ஒன்றே தேறுவதாகவும், தேறிய குஞ்சுகளில் பாதியே ஐந்து வயதைக் காண்பதாகவும் வைத்துக்கொண்டால், ஓர் இணை தன்னைப் போன்ற இன்னோர் இணையை உலகில் விட்டுச்செல்ல எட்டு ஆண்டுகள் இடைவிடாமல் கூடு கட்டியாக வேண்டும். அதற்கு முந்தைய ஐந்தாண்டு இளமையையும் சேர்த்தால் பதின்மூன்று ஆண்டுகள். பெருக்கம் எதுவுமின்றி, இருக்கும் எண்ணிக்கை குறையாமல் இருப்பதற்கே இவ்வளவு காலம் வேண்டும். ஆகவே இத்தகைய பறவைகளில் வளர்ந்தவற்றின் ஆண்டு இறப்பு மிகக் குறைவாகவே இருந்தாக வேண்டும். அது நூற்றுக்குப் பதினைந்தாக உயர்ந்தால் எந்த முட்டையும் அந்த இழப்பை ஈடுசெய்யாது.

இவ்வளவு மெல்ல இனம்பெருக்கும் பறவை, 1980கள் வரை இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்தது என்பது இன்றைய தலைமுறைக்கு நம்புதற்கு அரிதாகத் தோன்றலாம். வெண்முதுகுப் பாறு உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையிலான பெரிய ஊனுண்ணிப் பறவையாக இருக்கக்கூடும் என்று அறிஞர்கள் அக்காலத்தில் கருதினர். நகரங்களின் சாலையோர மரங்களிலும் அவை கூடு கட்டின. விமான நிலையங்களுக்கு அருகே விமானங்களில் மோதும் ஆபத்தாகவும் அவை பார்க்கப்பட்டன. இதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. மனிதர் பெருகினால் காட்டுயிர் குறையும் என்பது காட்டுயிர்ப் பாதுகாப்பில் ஏறத்தாழ ஒரு விதியாகவே சொல்லப்படுகிறது. புலிக்கும் வரையாட்டுக்கும் கானமயிலுக்கும் அது உண்மையே. பாறுகளின் கதையில் அது நேர்மாறாக இருந்தது. 1951இல் 36 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை 1991இல் 84 கோடியைத் தாண்டியது. அதே நாற்பதாண்டுகளில் கால்நடைகளின் எண்ணிக்கை சுமார் 29 கோடியிலிருந்து 47 கோடியாக உயர்ந்தது. பசுவை உணவுக்காகக் கொல்லத் தயங்கும் சமூகத்தில், வயது முதிர்ந்தும் நோயுற்றும் மாடுகள் தாமாக மடிந்தன. தோலை உரித்தெடுத்த பின் உடல்கள் ஊர்ப் புறத்தே போடப்பட்டன. மனிதர் பெருக மாடு பெருகியது. மாடு பெருகப் பாறுகளுக்கான தாங்குதிறனும் பெருகியது. காட்டில் புலி விட்டுச்சென்ற எச்சத்தை நம்பி வாழ்ந்த பறவை, நாட்டில் உழவரின் தொழுவத்தை நம்பி வாழும் பறவையாக மாறியது.

இறந்த மாடுகளை அகற்றும் பாறுகளின் உழைப்பைக் கண்ணால் கண்டவர்கள் மறக்க முடியாது. வானில் உயரே தனித்தனியாக வட்டமிடும் பாறுகள் ஒவ்வொன்றும் கீழே நிலத்தைப் பார்ப்பதோடு பக்கத்தில் பறக்கும் மற்றப் பாறுகளையும் பார்த்துக்கொண்டிருக்கும்; ஒன்று சிறகை மடக்கித் தாழ்ந்தால், அதைக் கண்டு இரண்டாவதும், அதைக் கண்டு மூன்றாவதுமாகத் தொலைவிலிருந்தெல்லாம் வந்து இறங்கும். வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் தலையும் கழுத்தும் ஏறத்தாழ வெறுமையாக இருப்பதால் மாட்டின் வயிற்றுக்குள் கழுத்துவரை நுழைத்துத் தசையையும் குடலையும் இழுக்கும். செந்தலைப் பாறு சற்று விலகி நின்று தன் முறைக்குத் தடித்த தோலையும் நாரையும் கிழிக்கும். உருவில் சிறிய மஞ்சள்முகப் பாறு சிதறிக் கிடக்கும் துணுக்குகளைப் பொறுக்கும். கூட்டம் பெரிதாக இருந்தால் ஒரு மாடு சிறிது நேரத்தில் வெள்ளை எலும்புக்கூடாகிவிடும். அந்த எலும்பையும் பொறுக்கி விற்று வாழ்ந்தவர்கள் உண்டு. அடைப்பான் நோயால் இறந்த மாட்டின் ஊனையும் தாங்கிச் செரிக்கும் கடும் அமிலம் அவற்றின் இரைப்பையில் இருக்கிறது. எந்த நகராட்சியும் சம்பளம் கொடுத்து நடத்தாத துப்புரவுப் பணி இது.

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1987–88இல் வெண்முதுகுப் பாறுகளின் 353 கூடுகள் எண்ணப்பட்டிருந்தன. அங்கே ஆய்வு செய்துவந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் பத்தாண்டுகளுக்குப் பின், 1998–99இல், மீண்டும் எண்ணியபோது கிடைத்தவை 20. கூடுகளில் பறவைகள் இறந்து கிடந்தன. மரத்தில் அமர்ந்திருந்தவை கழுத்தைத் தாங்க முடியாமல் தலை கீழே தொங்கியபடி நாள்கணக்கில் இருந்து பின் விழுந்தன. உணவுப் பற்றாக்குறையா என்றால், இரை ஏராளமாகக் கிடந்தது. வாழிடம் அழிந்ததா என்றால், மரங்கள் அப்படியே நின்றன. வேட்டையாடுவார் எவரும் இல்லை. ஏதோ ஒரு தொற்றுநோய் என்ற ஐயமே பல ஆண்டுகள் நீடித்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் வெண்முதுகு, கருங்கழுத்து, மெல்லிய அலகு ஆகிய மூன்று பாறு இனங்களை மிக அருகிய இனங்களாக அறிவித்தபோதும் காரணம் தெரியாமலேயே இருந்தது. பாகிஸ்தானில் இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸின் குழு, அவற்றில் பெரும்பாலானவற்றின் இதயத்தையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் போர்த்தியதுபோல் வெள்ளைச் சுண்ணம் போன்ற யூரிக் அமிலப் படிகங்கள் படிந்திருப்பதைக் கண்டது. பறவைகள் தம் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுபவை. சிறுநீரகம் செயலிழந்தால் அது உடலுக்குள்ளேயே உறைந்துவிடும். நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. சிறுநீரகத்தைக் கெடுத்த பொருள் டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி மருந்து என்பதை 2004இல் அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். காய்ச்சலும் வீக்கமும் கண்ட மாட்டுக்கு ஊசியாகப் போடப்படும், விலை மலிந்த, மனிதருக்கும் நன்கு பழக்கமான மருந்து அது.

டைக்ளோஃபெனாக் மாட்டைக் கொல்வதில்லை. சில நாள்களுக்குள் மாட்டின் உடலிலிருந்து நீங்கியும் விடுகிறது. மருந்து போட்டும் பிழைக்காத மாடு அந்தச் சில நாள்களுக்குள் இறந்து, அதன் உடலைப் பாறுகள் உண்ண நேரும்போது மட்டுமே கேடு விளைகிறது. கடைசிக் காலத்தில் துன்பப்படும் மாட்டின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்று அன்போடு போடப்பட்ட ஊசிகளே பலவும். அப்படியானால் நஞ்சுள்ள உடல்கள் எத்தனை இருந்திருக்க வேண்டும்? பாதியா, நான்கில் ஒன்றா? கேம்பிரிட்ஜின் ரைஸ் கிரீனும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட கணக்கு, நூற்றில் ஒன்றுக்கும் குறைவான உடல்களில் சாவடிக்கும் அளவு மருந்து இருந்தாலே அந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று காட்டியது. முதலில் கேட்கும்போது மனம் நம்ப மறுக்கும் செய்தி இது. ஆனால் எவரும் தாளில் போட்டுப் பார்க்கலாம். பாறு மூன்று நாளுக்கு ஒருமுறை வயிறார உண்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 வேளை. இருநூறு உடல்களில் ஒன்று மட்டுமே நஞ்சு என்றால், ஒரு வேளையில் தப்பிப்பதற்கான வாய்ப்பு ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து. அதாவது ஏறத்தாழ முழுப் பாதுகாப்பு. ஆனால் 120 வேளையும் தொடர்ந்து தப்பிக்க வேண்டுமே! அந்த வாய்ப்பை 120 முறை தன்னாலேயே பெருக்கினால் கிடைப்பது நூற்றுக்கு 55. ஓராண்டில் நூறு பறவைகளில் 45 இறந்துவிடும். இந்தியாவில் சாலையோரக் கணக்கெடுப்புகளின்படி 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறுகள் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 44 வீதம் குறைந்துகொண்டிருந்தன. அந்த வேகத்தில் ஆயிரம் பறவைகள் ஐந்தாண்டில் 55 ஆகும், பத்தாண்டில் மூன்று. 1992க்கும் 2007க்கும் இடையில் அந்த இனம் நூற்றுக்கு 99.9 அளவு அழிந்தது; மற்ற இரண்டு இனங்களும் சேர்ந்து 97 அளவு அழிந்தன.

வெர்ஹல்ஸ்ட் வகுத்த கோட்பாட்டின்படி, எண்ணிக்கை குறைந்தால் எஞ்சியவற்றுக்கு உணவு பெருகும், இறப்பு குறையும், இனம் மீண்டு வரும். செறிவைச் சார்ந்த கட்டுப்பாடு என்று இதற்குப் பெயர். நோயும் பசியும் பெரும்பாலும் இவ்வாறே இயங்குகின்றன, நெருக்கம் குறைந்தால் அவையும் தணிகின்றன. நஞ்சு அவ்வாறு தணிவதில்லை. கோடிப் பாறுகள் இருந்தபோதும் இருநூறு உடல்களில் ஒன்று நஞ்சாக இருந்தது. ஆயிரமாகக் குறைந்தபோதும் அதே ஒன்று நஞ்சாகவே இருந்தது. கடைசிப் பறவைக்கும் அதே விகிதம் காத்திருந்தது. தாங்குதிறன் மிகுந்திருந்தும் இனம் அழிந்தது என்ற முரண் இங்கே விளங்கிவிடுகிறது: நிலம் தாங்கத் தயாராகவே இருந்தது, மருந்துதான் விடவில்லை. எண்ணிக்கை மிகவும் சுருங்கியபின் இன்னொரு இடரும் கூடுகிறது. கூடி வாழும் உயிர்கள் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் கூட்டத்தால் கிடைத்த நன்மைகளை இழந்து மேலும் விரைவாகக் குறையும் என்பதை அமெரிக்கச் சூழலியலாளர் ஆலி 1930களில் விளக்கினார். அது ஆலி விளைவு எனப்படுகிறது. ஒன்றையொன்று பார்த்து இரை கண்டுபிடிக்கும் பறவைக்கு, பார்ப்பதற்கு இன்னொரு பறவை வானில் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓர் இனம் அற்றுப்போனால் அதன் வேலையை வேறோர் இனம் ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் இங்கே தோற்றது. பாறுகள் விட்ட இரை நாய்களுக்குப் போயிற்று. நாய் ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும். விரைந்து வாழும் எல்லையைச் சேர்ந்தது. கிடைத்த உணவை உடனே எண்ணிக்கையாக மாற்றிவிடக் கூடியது. ஆனால் அது மாட்டை முழுதாகத் தின்று தீர்ப்பதுமில்லை, நோய்க்கிருமியைத் தன் வயிற்றில் அழிப்பதுமில்லை. வெறிநாய்க்கடி நோயை ஊருக்குள் கொண்டுவருகிறது. பொருளியல் அறிஞர்களான இயால் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு பாறுகள் மிகுந்திருந்த மாவட்டங்களையும் இயல்பாகவே அவை குறைந்திருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு, முன்னவற்றில் மனித இறப்பு விகிதம் நூற்றுக்கு நான்குக்கும் மேல் உயர்ந்ததைக் காட்டினர். 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் கூடுதலாக இறந்தவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் என்பது அவர்களின் மதிப்பீடு. தொற்றுப் பெருக்கமும் நீர்நிலைகளில் அழுகல் கலந்ததும் இதற்கு வழிகள். ஓர் உயிரினத்தின் எடைக்கும் எண்ணிக்கைக்கும் மீறிய அளவில் அது வாழும் சமூகம் முழுவதையும் தாங்கிப் பிடிக்குமானால் அதனை ஆதார இனம் என்று சூழலியல் கூறும். பாறுகள் தாங்கியவர்களுள் மனிதரும் இருந்தனர் என்பதை அவை மறைந்தபின்தான் கணக்கிட முடிந்தது. மும்பையில் இறந்தோர் உடலைப் பாறுகளுக்கு அளித்துவந்த பார்சி மக்கள், பறவைகள் வராமற்போனபின் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை நாட வேண்டியதாயிற்று. திருக்கழுக்குன்றம் மலையில் பல தலைமுறைகளாக உச்சிப்பொழுதில் வந்து அமுது உண்ட மஞ்சள்முகப் பாறுகளும் 1990களுக்குப் பின் வரவில்லை.

காட்டுயிர்ப் பாதுகாப்பு என்றதும் இந்திய மனத்தில் எழுவது எல்லைக்கோடு இடப்பட்ட காடு: அதற்குள் வேட்டை கூடாது, மரம் வெட்டக் கூடாது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டமும் புலிகள் காப்பகங்களும் அந்த வழியில் பெரும் பணி ஆற்றியிருக்கின்றன. பாறுக்கு அந்த வேலி போதாது. ஒரே நாளில் பல பத்துக் கிலோமீட்டர் பறந்து இரை தேடும் பறவை காப்பகத்தில் உறங்கி, வெளியே உள்ள சிற்றூரில் உண்ணும். அதைக் காக்க வேண்டிய இடம் மருந்துக்கடையும் கால்நடை மருத்துவமனையுமே. இதனை உணர்ந்தே, கூடுகளைச் சுற்றி நூறு கிலோமீட்டர் ஆரத்தில், அதாவது ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், நச்சு மருந்துகள் புழங்காத பாறு பாதுகாப்பு வளையங்களை உருவாக்கும் முறை வகுக்கப்பட்டது. ஹரியானாவின் பிஞ்சோரிலும் வேறு சில இடங்களிலும் பாறுகளைக் கூண்டில் வைத்து இனம்பெருக்கி வெளியே விடும் நிலையங்கள் நடக்கின்றன. அவற்றின் உழைப்பு போற்றுதற்குரியது; ஆனால் வெளியே இறப்பு விகிதம் குறையாத வரையில், விடப்படும் ஒவ்வொரு பறவையும் அதே இருநூற்றில் ஒன்றைச் சந்திக்கத்தான் போகிறது.

மாட்டு மருத்துவத்தில் டைக்ளோஃபெனாக்கை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. அதற்கு மாற்றாக மெலாக்சிகம் என்ற மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை என்பதும் அதே ஆண்டில் சோதித்து நிறுவப்பட்டிருந்தது. ஆயினும் மனிதருக்கென விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டன; மாட்டின் எடைக்கு அந்த அளவே வசதியாக இருந்தது. 2015இல் மனித மருந்தின் குப்பி அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. அதற்குள் அசிக்ளோஃபெனாக் என்ற இன்னொரு மருந்து பரவியிருந்தது. அது மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. கீட்டோபுரோஃபென் என்ற மருந்தும் பாறுகளைக் கொல்லும் என்பது தெரியவந்தது. இவ்விரண்டும் 2023இல்தான் நாடு முழுவதும் மாட்டு மருத்துவத்திலிருந்து விலக்கப்பட்டன. நிமெசுலைடு என்ற மருந்து அதற்கும் பின்னர். ஒரு மருந்து நஞ்சு என்று அறியப்பட்டபின் அது தடைசெய்யப்படுவதற்குள் பல ஆண்டுகள் உருண்டோடிவிடுகின்றன. ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவையால் அந்த ஆண்டுகளைத் திரும்பப் பெற முடியாது.

தடை பயன் தரவில்லை என்று சொல்வதும் தவறு. 2004–05இல் இந்தியாவில் சோதிக்கப்பட்ட மாட்டுடல்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் டைக்ளோஃபெனாக் எச்சம் இருந்தது. தடைக்குப்பின் அந்த விகிதம் படிப்படியாக இறங்கியது, பாறுகளின் வீழ்ச்சியும் அதனோடு தளர்ந்தது. 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் சுமார் 6,000, கருங்கழுத்துப் பாறுகள் சுமார் 12,000, மெல்லிய அலகுப் பாறுகள் சுமார் 1,000 எஞ்சியிருந்தன. தென்னிந்தியாவில் அவற்றின் முதன்மைப் புகலிடம் நீலகிரியின் வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கு. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஓடும் அந்த ஆற்றின் கரையில் உயர்ந்து நிற்கும் நீர்மருது மரங்களின் உச்சிக் கிளைகளில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. தமிழ்நாட்டில் உள்ள நான்கு பாறு இனங்களையும் அந்த வட்டாரத்தில் காணலாம். புலி வீழ்த்திய மானும் காட்டெருதும் அங்கே இரையாகக் கிடைப்பதால், ஊசிபட்ட மாட்டை மட்டும் நம்ப வேண்டிய நிலை அவற்றுக்கு இல்லை. அவை எஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே வேறோர் ஆபத்தும் உண்டு. மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்துவிட்டால், அந்த உடலில் பூச்சிமருந்தைத் தூவி வைப்போர் இருக்கின்றனர். குறிவைத்த விலங்கு வரும் முன் பாறுகள் வந்துவிடும். கூடி உண்ணும் பறவைக்கு அப்படிப்பட்ட ஓர் உடல் ஒரு குடியிருப்பையே காலிசெய்யப் போதும். இழந்த மாட்டுக்குரிய இழப்பீடு அலைக்கழிப்பின்றி அந்த உழவர் கைக்கு உரிய நேரத்தில் சேர்வதும் பாறு பாதுகாப்பின் ஒரு பகுதியே. அதைச் செய்யாமல் அவரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமும் ஆகாது, பயனும் தராது.

கோவையைச் சேர்ந்த அருளகம் போன்ற அமைப்புகள் அந்த வட்டாரத்தின் ஊர்களில் பல ஆண்டுகளாக மாடு வளர்ப்போரிடமும் மருந்து விற்போரிடமும் சென்று பேசிவருகின்றன. தமிழ்நாடு அரசும் 2022இல் பாறுகளைக் காக்க மாநில அளவில் ஒரு குழுவை அமைத்தது. தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நாள்களில் எண்ணும் வழக்கமும் தொடங்கியிருக்கிறது. அந்த எண்கள் சில நூறு என்ற அளவிலேயே நிற்கின்றன. இத்தகைய சிறு தொகையில் ஆண்டுக்குப் பத்துப் பறவைகள் கூடுதலாக இறப்பதும் இறவாதிருப்பதும் இனத்தின் எதிர்காலத்தையே மாற்றிவிடும்.

புதிதாக ஒரு வலிநீக்கி மருந்து மாட்டுக்கென்று சந்தைக்கு வரும் முன்னர் அது பாறுகளுக்குப் பாதுகாப்பானதா என்று சோதித்து அறிவது உற்பத்தியாளரின் கடமையாக்கப்பட வேண்டும். கொன்றபின் தடை செய்வது என்ற இன்றைய முறை ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் உயிர்க்கு எவ்வகையிலும் ஒத்துவராது. அந்தச் சட்டம் வரும் வரையில் பொறுப்பு மாடு வளர்ப்போரிடமும் கால்நடை மருத்துவரிடமும் இருக்கிறது. மாட்டுக்கு வலியூசி போட வேண்டிய நிலை வந்தால் மெலாக்சிகம் கேட்டு வாங்குங்கள். வேறு மருந்து போட்ட மாடு சில நாள்களுக்குள் இறந்துவிட்டால் அதன் உடலைத் திறந்தவெளியில் போடாமல் ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.